காவலாளியின் நங்கூரம்

பருத்தித்துறை ஆசுபத்திரி வாசலில் இருந்த காவலாளியின் நரைத்த தலையில் எப்போதும் தேங்காய் எண்ணெய் மினுங்கும். மேசையில் முழ நீள மரப்படகு ஒன்று வைத்திருந்தார். அதன் மேல்தளச் சாமான்கள் எல்லாம் அவரே செய்தவை. சைக்கிள் கம்பியில் அச்சு, தையல் மெசின் நூற்கட்டையில் உருளை, செப்புக் கம்பியில் நகமளவு நங்கூரம். உருளையின் கைப்பிடியைச் சுற்றினால் நங்கூரம் உண்மையாகவே ஏறி இறங்கும். அச்சு இறுகினால் தலையில் விரலைத் தடவி அந்த எண்ணெயைப் பூசுவார்.

என் மனைவியை ஒப்பரேசனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நடந்து களைத்து அவருடைய மேசையருகே நின்றேன். நங்கூரம் நூலில் மேசைக்குக் கீழே தொங்கியது. கை சும்மா இருக்காமல் கைப்பிடியைச் சுற்றப் போனேன்.

“தம்பி, விடுங்கோ. ஏற வேண்டிய ஆக்கள் எல்லாரும் ஏறும் வரைக்கும் நங்கூரத்திலை கை வைக்கக் கூடாது. கடல்லை அதுதான் வழக்கம்.”

“உதிலை ஆர் அண்ணை ஏற இருக்கினம்?”

“உள்ளுக்கை ஆர்?”

“மனிசி.”

“அப்ப பொறுங்கோ” என்று கதிரையை என் பக்கம் தள்ளினார்.

வீட்டுக்குப் போகச் சொன்ன அன்று மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தேன். காவலாளி எழுந்து கேற்றைத் திறந்துவிட்டார். பிறகு மேசைக்குத் திரும்பிக் கைப்பிடியைச் சுற்றினார். நங்கூரம் ஆடி ஆடி மேலே ஏறியது.

பின்னொரு நாள் மீன்சந்தையில், கடலுக்குப் போகிறவர்களிடம் அந்த வழக்கத்தைப் பற்றி விசாரித்தேன். அப்படியொன்றை ஒருவருமே கேள்விப்பட்டிருக்கவில்லை.