மதினியிடம் வாங்கிய சத்தியம்

எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கட்டுக் கட்டும் அறை நர்ஸாக இருந்தேன். வீடு ராஜபாளையத்தில். அண்ணன், மதினி, நான் என்று மூன்று பேர். மதினிக்கு அப்போது முப்பது வயது. நூல் மில்லில் வேலை. காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது டிபன் பாக்ஸைக் கையில் திணித்து, "மிச்சம் வைக்காம முழுசாத் தின்னுட்டி" என்று சொல்லி அனுப்புவார்.

அப்படித் திணித்த ஒரு நாள்தான் அவர் முன்கையில் இருந்த புதுக் காயத்தைப் பார்த்தேன்.

"அடுப்புல பட்டுருச்சு" என்றார்.

தினமும் காயம் பார்க்கிறவள் நான். அது அடுப்புக் காயம் இல்லை என்று தெரிந்தது. பக்கத்தில் ஆறிப்போன தழும்புகளும் இருந்தன.

எங்கள் அறைக்கும் அப்படிச் சிலர் வருவார்கள். தனக்குத்தானே செய்துகொண்ட காயம் என்று தெரிந்தால் முகம் கொடுத்துப் பேச மாட்டோம். "நிசமாவே அடிபட்டவங்க இங்க காத்துக் கெடக்காங்க" என்று காதுபடச் சொல்வோம். மரப்பு ஊசி பிடிக்கும்வரைகூடப் பொறுக்காமல் தையல் ஊசியை டாக்டரிடம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வலித்தால்தான் மறுபடி வரமாட்டார்கள் என்று நம்பியிருந்தோம்.

மதினி விஷயத்தில் எனக்குப் பயம்தான் முந்தியது. உயிரை விட்டுவிடுவாரோ என்று. அதை அவரிடம் கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டால் அந்த நினைப்பை நானே எடுத்துக் கொடுத்ததாகிவிடுமே. சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைக் குன்றுக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெருமாள் முன்னால் நிறுத்தி, "இனிமே செய்ய மாட்டேன்னு அண்ணன் மேல சத்தியம் பண்ணுங்க மதினி" என்றேன். என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார். படி இறங்கும்போது எனக்கு மனசு லேசாக இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து மதினிக்குக் காய்ச்சல். மில்லுக்குப் போகாமல் சுருண்டு படுத்திருந்தார். போர்வையை விலக்கினால், கை வீங்கிப் புண் சீழ் வைத்திருந்தது.

"ஏன் மதினி எங்கிட்ட சொல்லலை?"

"சத்தியம் பண்ணிட்டேன்ல. உங்க அண்ணனுக்கு ஏதும் ஆயிருமோன்னு பயந்து மறைச்சுட்டேன்."

என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. நான் வாங்கிய சத்தியம் அவரை என்னிடம் வரவிடாமல் செய்திருக்கிறது.

அன்றே எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். புதிதாக வந்திருந்த டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு மதினி பக்கத்தில் உட்கார்ந்தார். புண்ணைக் கழுவும்போதெல்லாம், "வலிக்குதா? செத்த நேரம் நிறுத்தட்டுமா?" என்று கேட்டார். கட்டு முடிந்ததும் சாதாரணக் குரலில், "உயிரை விட்டுரணும்னு தோணுச்சாம்மா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதினி பதறவில்லை.

"இல்லம்மா, சாகணும்னு இல்ல. ஏழாம் மாசத்துல புள்ள தங்காமப் போயிருச்சு. ரெண்டு வருசமாச்சு. அதைப் பேசாத, நெனைக்காதன்னு எல்லாரும் சொல்லிட்டாவ. அழுகையே வரல. நெஞ்சை அடைச்சுக்கிட்டு வரும்போது என்ன செய்யுதேன்னு எனக்கே தெரியல."

பேசாதே என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

டாக்டரம்மா மதுரையில் ஒரு மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, "சத்தியமெல்லாம் வாங்காதீங்க. தோணும்போது உங்ககிட்ட வரலாம், காயம் பட்ட பிறகும் வரலாம்னு அவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார்.

மாதம் ஒரு தடவை மதுரைக்குப் போனோம். மூன்றாவது தடவை பஸ்ஸில் திரும்பும்போது, கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மதினி வாயைத் திறந்தார்.

"புள்ளைக்குப் பேரு நெனச்சு வச்சிருந்தீங்களான்னு டாக்டர் கேட்டாவ."

"வச்சிருந்தீங்களா?"

சொன்னார். அண்ணனிடம்கூட அதுவரை சொல்லாத பேர். அத்தனை கூட்டத்திலும் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை அழுதார். பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், என்ன ஏது என்று கேட்காமல் தன் தூக்குவாளியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

அதோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பிறகும் இரண்டு தடவை காயப்படுத்திக்கொண்டார். இரண்டு தடவையும் அன்றைக்கே வந்து, "கட்டுப் போட்டு விடுட்டி" என்று கையை நீட்டினார். போட்டு விட்டேன். மற்ற நாட்களில், "இன்னைக்கு ஒரு மாதிரியா வருது" என்பார். செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் நடப்போம். சில நாள் தெருமுனையிலேயே அடங்கிவிடும். சில நாள் பஸ் ஸ்டாண்டு வரை போக வேண்டியிருக்கும். அண்ணனிடம் மதினியே எல்லாவற்றையும் சொன்னார். முதலில் கோபப்பட்ட அண்ணன், அடுத்த மாதம் எனக்குப் பதில் தானே லீவு போட்டு மதுரைக்குக் கூடப் போனார்.

தொண்ணூறுகளில் அந்த மாதிரி நாட்களுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சே வீட்டில் இல்லாமல் போனது. கடைசிக் காயம் எப்போது ஆறியது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. பின்னால் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, "எனக்கும் நெனவில்லட்டி" என்றார் மதினி.