எடைமேடைமேல் விழுந்த பழி

என் மனைவியின் தங்கை கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. யார் திட்டினாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள், அவ்வளவுதான். பிள்ளைகளை வளர்ப்பதற்காகக் கம்ப்யூட்டர் வேலையை விட்டவள், சில வருடம் கழித்துத் திரும்பத் தேடியபோது ஒரு கம்பெனியும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கடைசியில், நான் எடைமேடை பராமரிக்கும் பழைய இரும்புக் கிடங்கிலேயே வேலை கிடைத்தது. லாரி மேடையில் ஏறினால் எடை தானாகக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அதற்கு அவள் புரோகிராம் எழுத வேண்டும். மாதக் கடைசிக்குள் ஓடினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

வீட்டில் சும்மா எண்களைக் கொடுத்துப் பார்த்தபோது ஓடியது. கிடங்கில் ஒரு லாரியின் எடைகூடப் பதியவில்லை.

எங்கே நிற்கிறது என்று தெரிய, செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் புரோகிராம் ஒரு வரி சொல்லும்படி எழுதியிருந்தாள். அந்த வரிகள் கன்சோல் என்கிற கறுப்புத் திரையில்தான் வருமாம். இவளுடையதில் பொத்தானும் பெட்டியும்தான், கறுப்புத் திரையே கிடையாது. சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. அதனால் அந்த வரிகளைத் திருப்பி, தான் புரோகிராம் எழுதும் இடத்துக்குக் கீழேயே, பிழை தேடுவதற்கென்று இருக்கும் டீபக் விண்டோவில் விழ வைத்தாள். வண்டி எண் வந்தது, கேட் மூடியது என்று வரிகள் விழுந்தன. மேடையைப் பற்றி மட்டும் ஒன்றும் இல்லை.

"மாமா, உங்க மேடையிலிருந்து எதுவுமே வரலை."

"மேடைக்குப் பக்கத்துப் பலகையில எடை கொட்டை எழுத்துல தெரியுதே, கண்ணு இல்லையா?"

"பலகைக்குப் போகுது. எனக்கு வரலை."

மேனேஜரிடமும் அதையே சொன்னாள். அவர் வேறு ஆளிடம் புது மேடைக்குச் சொல்லிவிட்டார்; பராமரிப்பும் இனி அவனுக்குத்தானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, கல்லைப் போட என் தலைதான் கிடைச்சுதா?" என்று வீட்டில் கத்தினேன். அவள் கண்ணாடியைத் துடைத்தாள்.

"இனிமே மேடைப் பேச்சை எடுத்தா ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது" என்றாள் என் மனைவி.

மறுநாள் என் சாமான்களை எடுக்கப் போனேன். எடைமேடை அறையில் அவள் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இங்க பாருங்க. மேடையைப் படிக்கிற பகுதியை முதல்ல எழுப்பிட்டு, வரி போற வழியை அப்புறம் திருப்பியிருக்கேன். அது பழைய வழியையே பிடிச்சுக்கிட்டுச் சொல்லிட்டிருந்திருக்கு."

திருப்புகிற வரியை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றினாள். லாரி வந்தது. டீபக் விண்டோவில் எண்கள் கொட்டின, ஒன்றுபோல் ஒன்று இல்லை. எஞ்சின் உறுமுகிறது, மேடை அதிர்கிறது, எடை ஏறி இறங்குகிறது. இவளோ ஒரே எண் அடுத்தடுத்து வந்தால்தான் பதியச் சொல்லியிருந்தாள். எந்த டிரைவர் எஞ்சினை அணைக்கிறான்?

சத்தமில்லாமல் திருத்திவிட்டிருக்கலாம். புது மேடை வந்ததும் எல்லாம் சரியாயிற்று என்று ஊரே நம்பியிருக்கும். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அவள் எழுந்து நேரே மேனேஜரிடம் போனாள்.

"சார், மேடை நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னோடது. புதுசு வேண்டாம்னு சொல்லிடுங்க."

"நேத்து மேடைன்னீங்க, இன்னைக்கு நீங்கன்னு சொல்றீங்க. நாளைக்கு நானா?"

"பார்த்துட்டுத்தான் சொல்வேன் சார்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அவர் சிரிக்கவில்லை.

"அப்போ உங்களை நான் எதுக்கு வச்சுக்கணும்?"

"அது உங்க இஷ்டம். ஒரு லாரியை ஏத்திப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

சின்ன ஆட்டத்தைப் பொறுத்துக்கொண்டு சராசரியை எடுக்கும்படி மாற்றினாள். அடுத்த லாரி ஏறியது.

"எஞ்சினை நிறுத்தணுமாக்கா?" என்றான் டிரைவர்.

"வேண்டாம்ணே, ஓடட்டும்."

எடை பதிந்தது. மேனேஜர் திரையையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்தார். போனை எடுத்து, புது மேடை வேண்டாம் என்றார். பிறகு அவளிடம், "பின்பக்கக் கேட்லயும் ஒரு மேடை இருக்கு. அதை எப்போ ஆரம்பிக்கிறீங்க?" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அதுவும் உங்க பொறுப்புதானே மாமா?"

"ஆமா. பழியை இப்பவே போட்டுடு" என்றேன்.