வாயை மட்டும் அசைத்த சபை

போன ஞாயிறு இரத்தோட்டை வேதக்கோயிலுக்குள் நுழைந்ததுமே பித்தளை பாலிஷ் வாசனை. சுவரில் புதிதாக ஒரு பெரிய டிவி. பாட்டின் வரிகளும் அதில்தான், பாடுகிற குரலும் அதில்தான். சபையாரைப் பாடவைக்கும் சங்கத்தின் அன்பளிப்பாம். கீழே பளபளவென்று துடைத்துவைத்த பழைய கேடயம். அதன் பக்கம் திரும்பாமல் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஒரு காலத்தில் அந்தச் சங்கத்தின் செயலாளரே நான்தான்.

செயலாளர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளார்க் வேலை. ஞாயிறுகளில் தலைவருக்குப் பின்னால் ஆர்மோனியப் பெட்டியோடு பஸ் ஏறுவேன். அவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். நாவுல, பலாபத்வல என்று ஒவ்வொரு சபையாகப் போய், நாலு பேர் பாட மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று முழங்குவார். பிறகு பாடியும் காட்டுவார். சுருதி அவர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

எங்கள் இரத்தோட்டைச் சபையில் அந்த வழக்கமே இருந்ததில்லை. கொழுந்து பறிக்கிற ஆரோக்கியம் அக்கா பாட்டை எடுத்துக்கொடுப்பார். மலையில் நிரை விட்டு நிரை கூப்பிட்டுப் பழகிய குரல். லயத்து வரிசைவீட்டுச் சனம் மொத்தமும் சேர்ந்துகொள்ளும். தகரக் கூரையில் பெய்கிற மழைகூட அதில் அமுங்கிப்போகும்.

இந்த நேரத்தில்தான் நன்றாகப் பாடும் சபைக்குக் கேடயம் என்று சங்கம் அறிவித்தது. எனக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. அந்தப் பெண்ணின் முரட்டுக் குரலை அடக்கிவை என்றார் தலைவர். நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் ஏது? ஒத்திகையில் பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

"சுருதி சேராதவங்க யாருன்னு அவங்கவங்களுக்கே தெரியும். அன்னைக்கு வாயை மட்டும் அசைங்க."

போட்டியன்று ஆர்மோனியம் ஒலித்தது. எல்லா வாயும் அழகாக அசைந்தன, சத்தம்தான் இல்லை. ஒவ்வொருவரும் நான் தன்னைத்தான் சொன்னதாக நினைத்துவிட்டார்கள். பாவம், அவ்வளவு அடக்கம். ஆர்மோனியம் வாசித்த தலைவர் ஒருவர்தான் எந்தச் சந்தேகமும் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சரணத்தையும் அபசுரமாகப் பாடி முடித்தார். நடுவர்கள் மூவரும் அவருடைய சிநேகிதர்கள். கட்டுப்பாடான சபை என்று பாராட்டிக் கேடயத்தை எங்களுக்கே கொடுத்தார்கள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அக்காவாவது பாடியிருக்கலாமே என்று அவரிடமே போய்க் கேட்டேன்.

"மத்தவங்கதான் தப்பா நெனச்சிட்டாங்க. என்னையத்தான் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும் கிளாக்கரய்யா."

இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். கேடயத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். சாகும்வரை அவர் கோயிலுக்கு வந்தார்; பாட்டு எடுத்துக்கொடுக்கவே இல்லை.

போன ஞாயிறு, மூன்றாவது பாட்டின் நடுவில் கரண்ட் போயிற்று. டிவியோடு பாட்டும் நின்றது. சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. எடுத்துக்கொடுக்க ஆளில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது அப்போதுதான் எல்லாருக்கும் கேட்டது.