சாய்ந்த கிணறும் கணக்குப் பரீட்சையும்

ஆற்றில் கிணறு சாய்ந்ததற்கு முந்தின வருஷம், உளுந்து பிடுங்குகிற நாளில் ரெங்கம்மாளுக்குக் காய்ச்சல். வீட்டில் படுத்துக்கொண்டால் அன்றைய பங்கு போய்விடுமே என்று வயலுக்கு வந்துவிட்டாள். வந்தாளே தவிர, குனிந்தால் நிமிர முடியவில்லை. அவரவர் பிடுங்கிய செடியை அவரவர் பின்னால் குவித்து வைப்பது வழக்கம். பொழுது சாய அந்தக் குவியலைப் பார்த்துத்தான் கூலி. ரெங்கம்மாளின் குவியல் கோழி கிளறிய குப்பை மாதிரிக் கிடந்தது. தண்ணீர் குடிக்க வரப்புக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் அதே குவியல் இடுப்பளவு நிற்கிறது. பக்கத்து வரிசையில் மலர்கொடி முதுகைக் காட்டிக்கொண்டு பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய குவியல் பாதியாகியிருந்தது.

"பாப்பா, இது ஏது?"

"எது அத்தை?" திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "காத்து அடிச்சிக் கொண்டாந்து போட்டிருக்கும்."

காற்று இலை அசைகிற அளவுக்குக்கூட இல்லை அன்றைக்கு. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மலர்கொடி வீரையன் மகள். வீரையனுக்கு ரெங்கம்மாள் அக்கா முறை. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடு. அந்தத் தெருவிலிருந்து ஆற்றைத் தாண்டிக் குத்தாலம் பள்ளிக்கூடத்துக்குப் போய் பிளஸ் டூ வரைக்கும் எட்டிய முதல் பெண் பிள்ளை அவள்தான். பிளஸ் டூ என்கிற படிப்பே வந்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ரெங்கம்மாள் படித்தது ஐந்தாவது. தேவாரத்தில் இரண்டு பதிகம் மனப்பாடம். பிடாரி கோவிலில் வெள்ளிக்கிழமை விளக்குப் போடுவாள். மற்றபடி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அவளிடம் ஒன்றும் இருந்ததில்லை.

அடுத்த வருஷம் அறுவடைக் கூலித் தகராறு முற்றிவிட்டது. பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்க, தெருக்காரர்கள் மறிக்க, கைகலப்பாகி, போலீஸ் வந்து இறங்கியது. வீரையனோடு சேர்த்துத் தெருவில் பாதி ஆம்பிளைகள் வழக்கில் பெயர் இருக்கிறதென்று தலைமறைவு. மெயின் ரோட்டுப் பாலத்தில் போலீஸ் முகாம். பஸ் நின்றுபோயிற்று. உளுந்து காய்ந்து வெடித்தும் வயலில் இறங்க ஆள் இல்லை.

வயிறு என்று ஒன்று இருக்கிறதே. பெண்கள் ஆற்றுக்குள் பாலம் கட்டுகிற இடத்துக்கு மண் சுமக்கப் போனார்கள். போன வருஷம் அமைச்சர் வந்து அடிக்கல் நாட்டிவிட்டுப் போன பாலம். மேட்டூரில் தண்ணீர் நிறுத்தின பிறகு ஆறு வெறும் மணலாகக் கிடக்க, நடுவில் கிணறு கிணறாக இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

ரெங்கம்மாளுக்கு அதுதான் முதலில் விளங்கவில்லை. ஊரில் தண்ணீர் இல்லாத இடத்தில்தான் கிணறு தோண்டுவார்கள். ஆற்றுக்குள் எதற்கு?

பரீட்சைக்குப் படிக்க விட்ட விடுமுறை நாள்களில் மலர்கொடி கரையில் புங்கமர நிழலில் உட்கார்ந்துகொள்வாள். மத்தியானம் ரெங்கம்மாள் கஞ்சித் தூக்கோடு அங்கே வருவாள். இருவரும் பங்கு போட்டுக் குடிக்கிறபோது இதைக் கேட்டாள்.

"தண்ணிக்கு இல்ல அத்தை. பாலத்தோட காலு அது. மேல வளையம் வளையமாக் கட்டிக்கிட்டே வருவாங்க. உள்ளேருந்து மணல அள்ளுவாங்க. அள்ள அள்ள தன் பாரத்துலயே தானா எறங்கும். எவ்வளவு வெள்ளம் வந்தாலும் அரிக்க முடியாத ஆழத்துக்குப் போயி நின்னுக்கும்."

"தானாவா?"

"தானாத்தான்."

மறுபடி கூடையைத் தூக்கப் போனபோது ரெங்கம்மாள் யாரும் பார்க்காத நேரமாகக் கிணற்றின் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இத்தனை பெரிய கல்கோட்டை இந்த நிமிஷமும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது கருவறை வாசலில் திரை விலகுகிற சமயம் வருமே, அந்தச் சிலிர்ப்பு வந்தது.

"இன்ஜினியர்னா ஜீப்புல வந்து எறங்கி, கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டு, திரும்ப ஏறிப் போறவருதானே?" என்று இன்னொரு நாள் கேட்டாள்.

மலர்கொடி சிரித்துவிட்டாள். "அதுல எத்தனையோ தினுசு அத்தை. கரண்டுக்கு ஒருத்தரு, மிஷினுக்கு ஒருத்தரு, கட்டடம் பாலத்துக்கு ஒருத்தரு. எங்க பிசிக்ஸ் சார் வரிசையாச் சொன்னாரு."

"சோறாக்குறதுக்கு இருக்கா?"

"கெமிக்கல்னு ஒண்ணு இருக்கு. சர்க்கரை ஆலை, உர ஆலைக்கெல்லாம். கிட்டத்தட்ட சோறாக்குறதுதான்."

முதலில் மலர்கொடி தான் படிக்கப்போவது கரண்டு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு வீட்டிலும் விளக்கு இல்லை என்கிற குறை. பிறகு நெல் அரைக்கப் போன இடத்தில் மில்லின் சக்கரத்தையும் பெல்ட்டையும் பார்த்து வாய் பிளந்து நின்று, தவிடு வாங்க மறந்து வந்து அம்மா ராமாயியிடம் திட்டு வாங்கினாள். ஆனால் இந்தக் கிணற்றைப் பார்த்த பிறகு வேறு எதையும் பேசவில்லை. கணக்கில் நல்ல மார்க்கு வந்தால்தான் அந்தப் படிப்புக்குக் கூப்பிடுவார்கள் என்றும், அதனால் கணக்குப் பரீட்சைதான் தனக்கு எல்லாம் என்றும் சொன்னாள்.

அந்தக் கணக்குப் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது கரையோரக் கிணறு சாய்ந்துவிட்டது.

காலையில் வேலைக்குப் போனவர்கள் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள். குடத்தைச் சரியாக வைக்காவிட்டால் ஒரு பக்கம் ஒருக்களிக்குமே, அந்த மாதிரி. மேஸ்திரி உலகநாதன் சேவல் அறுத்தார், பூசணிக்காய் உடைத்தார். கிணறு நிமிரவில்லை.

தெருவுக்குச் செய்தி வருவதற்குள் அது வேறாகிவிட்டது. எதிர்வீட்டுக் காத்தாயி தண்ணீர்க்குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "சேவலுக்கெல்லாம் அடங்குமா? ஆறு கன்னிப் பொண்ணு கேக்குது. வேதாரண்யம் பக்கம் ஒரு புள்ளயக் காணுமாம். பாலத்துக்காரங்கதான் சாக்குல போட்டுத் தூக்கிட்டாங்களாம்."

"நீ பாத்தியா?" என்றாள் ரெங்கம்மாள்.

"பாத்தா நான் இங்க நிப்பனா? நீதான் கூலிக்கு ஆசப்பட்டு அங்கேயே கெடக்குற. உன்ன அது தொடாது, பயப்படாத. உன் வயசுக்கு அதுக்கு என்ன ஆகப்போவுது."

குழாயடியில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சாயங்காலத்துக்குள் தெருவில் ஒரே பேச்சாகிவிட்டது: கிணறு நிமிர்கிற வரை எந்தப் பிள்ளையும் ஆற்றில் இறங்கக் கூடாது. பஸ் கிடையாது. சைக்கிளில் சுற்றிக்கொண்டு போக ஆம்பிளை கிடையாது. பெண் பிள்ளையை போலீஸ் முகாம் வழியாகத் தனியே அனுப்பவும் முடியாது. குத்தாலத்துக்கு இருந்த ஒரே வழி அந்த மணல்தான். அந்த வழி போகிறது சாய்ந்த கிணற்றை ஒட்டி.

ராமாயி மகளை வீட்டுக்குள் வைத்துக் கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "பரீட்சை அடுத்த வருஷமும் வரும் அண்ணி. பொண்ணு வருமா?"

ரெங்கம்மாளும் அதை நம்பினாள். சாமி கேட்கும் என்பதை நம்பாவிட்டால் வெள்ளிக்கிழமை விளக்குக்கு என்ன அர்த்தம்?

மலர்கொடி அழவில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. ஜன்னல் கம்பி வழியாக ரெங்கம்மாளைக் கூப்பிட்டாள்.

"அத்தை, நாளைக்கி வேலைக்குப் போவீங்கல்ல? சாய்ஞ்ச பக்கம் நிக்காதீங்க. தூக்கிக்கிட்டு நிக்குது பாருங்க ஒசந்த பக்கம், அதுக்கு மேல மணல் மூட்டைய அடுக்கச் சொல்லுவாங்க. உள்ளயும் அந்தப் பக்கத்து மணலத்தான் அள்ளுவாங்க. நீங்க கூரைக் கொட்டாய்கிட்ட நின்னு, கிணத்தோட ஓரத்தையும் அக்கரைத் தென்னை மரத்தையும் ஒண்ணாப் பாத்து வெச்சிக்கோங்க. கொஞ்சம் கொஞ்சமா மாறும்."

"நீ எப்படிடி சொல்லுற? ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பாரம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கந்தானே எறங்கணும். நீங்க பாத்துட்டு வந்து போகலாம்னு சொன்னாப் போறேன். வேணாம்னா வீட்டுலயே இருக்கேன். அம்மாகிட்ட நான் சண்டை போட மாட்டேன்."

இப்படித் தன் படிப்பைத் தூக்கி ரெங்கம்மாள் கையில் கொடுத்துவிட்டாள் அந்தப் பெண்.

மறுநாள் ரெங்கம்மாள் போனாள். ஜீப்பில் வந்தவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, உயர்ந்து நின்ற பக்கத்தைக் கையால் காட்டினார். மூட்டை அடுக்கச் சொன்னார். உள்ளேயும் அதே பக்கம் அள்ளச் சொன்னார். ஒரு வார்த்தை பிசகாமல் நேற்றே சொன்னாளே மலர்கொடி, ஜன்னலுக்குப் பின்னால் இருந்துகொண்டு.

பலகைச் சாரம் ஏறி ஏறி அவளும் மூட்டை வைத்தாள். உச்சி வெயிலில் ஒரு மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது, காலுக்குக் கீழே, வெகு ஆழத்தில், பெரிய மாடு ஒன்று படுக்கிற மாதிரி ஒரு முனகல் கேட்டது. எல்லோரும் அசையாமல் நின்றார்கள். உலகநாதன் தூக்குக்குண்டைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எறங்குது. சத்தம் போடாம அடுக்குங்கம்மா."

ரெங்கம்மாள் கொட்டகைக்கு ஓடிப் பார்த்தாள். காலையில் ஓரத்துக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருந்த தென்னையின் தண்டு ஒரு விரல் அளவுக்குத் தெரிந்தது. அவள் கை தானாகக் கும்பிட்டது. யாரைக் கும்பிட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆற்றையா, பிடாரியையா, அந்தப் பிள்ளையின் தலைக்குள் இருக்கிற வெளிச்சத்தையா?

ஆனால் பொழுது சாய்ந்தும் கிணறு முழுசாக நிமிரவில்லை. இன்னும் நாலைந்து நாள் ஆகும் என்றார் உலகநாதன். பரீட்சையோ விடிந்தால்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரெங்கம்மாள் யோசித்தாள். ராமாயி கதவடியிலேயே உட்கார்ந்திருந்தாள். காத்தாயியும் துணைக்கு வந்திருந்தாள்.

"நிமிந்துடுச்சா?" என்றாள் காத்தாயி.

"இல்ல. சாய்ஞ்சுதான் இருக்கு."

"பாத்தியா?"

"பாத்தேன். மூட்டை வெச்சா எறங்குது, நிறுத்துனா நிக்கிது. பலி கேக்குற சாமி மணல் மூட்டைக்கு மசியுமா காத்தாயி? நம்ம பிடாரிக்குப் பொங்கலுக்குப் பதிலா மணல அள்ளி வெச்சா ஏத்துக்குவாளா? இது சாமி இல்ல. சொன்ன பேச்சுக் கேக்குது. அத்தனை பெரிய கல்லு." பிறகு ராமாயியிடம் திரும்பினாள். "நான் முன்னால நடக்குறேன். ஆறு கேட்டா மொதல்ல என்னக் கேக்கட்டும்."

கடைசியில் ராமாயி கதவை விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

விடிந்ததும் ரெங்கம்மாள் தலைக்குக் குளித்து, பிடாரிக்குக் கற்பூரம் காட்டி, மலர்கொடிக்கும் தனக்கும் குங்குமம் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். கரையில் தெருவே நின்றது. ராமாயி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். கிணற்றை நெருங்க நெருங்க ரெங்கம்மாளின் வாய்க்குள் பதிகம் ஓடிற்று. பாதியில் அடி மறந்து முதலிலிருந்து சொன்னாள். பின்னால் அந்தப் பெண்ணின் காலடிச் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. என்ன நெஞ்சுரம் இந்தப் பிள்ளைக்கு என்று நினைத்து நினைத்து அதிசயித்தாள்.

சாரத்தின் மேலிருந்து உலகநாதன் கேட்டார்: "என்னம்மா, பரீட்சையா? பலகை மேல வாங்க, அங்க குழி கெடக்கு."

அக்கரை வந்துவிட்டது. ரெங்கம்மாள் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். மணி அடித்து, பிள்ளைகள் வெளியே வருகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

கணக்கில் வந்த மார்க்கைப் பார்த்துத் தலைமையாசிரியர் சைக்கிளில் தெரு வரைக்கும் வந்தார். இன்ஜினியரிங் படிப்புக்கான இன்டர்வியூவில், பெண் பிள்ளைக்கு எலக்ட்ரானிக்ஸ் நல்லது, சிவில் என்றால் கட்டடம், பாலம் என்று வெயிலில் நிற்க வேண்டுமே என்றார்களாம். "வெயில்லேருந்துதாங்க வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு மலர்கொடி சிவிலே எடுத்தாள். சர்க்கார் ஸ்காலர்ஷிப்பில் படித்தாள். அதற்குள் ஊரிலும் சமரசப் பேச்சு நடந்து வீரையன் வீடு திரும்பினான். படித்து முடித்ததும் வடக்கே எங்கோ பெரிய ஆற்றில் பாலம் கட்டுகிற கம்பெனியில் வேலை. அங்கே கிணறு இறக்குகிற இடத்தில் இவள்தான் கையால் காட்டுகிறவளாம், ஆட்கள் அடுக்குகிறார்களாம். ராமாயி இதைச் சொல்லும்போதெல்லாம் ரெங்கம்மாள் கேட்ட கதையையே மறுபடி சொல்லச் சொல்லுவாள்.

ஒரு தடவை மலர்கொடி லீவில் வந்துவிட்டுப் புறப்பட்டாள். அதற்கடுத்த வருஷம் பெற்றவர்களையும் அங்கேயே அழைத்துக்கொண்டுவிட்டதால், பிறகு ரெங்கம்மாள் அவளை நேரில் பார்க்க வாய்க்கவில்லை. புறப்பட்ட அன்றைக்குக் குத்தாலம் ஸ்டேஷனில் ரெங்கம்மாள் ரயில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, இத்தனை காலமாய் மனதில் கிடந்ததைக் கேட்டாள்.

"பாப்பா, அன்னிக்கி அந்தக் கிணத்துகிட்ட நடக்கையில ஒனக்குக் கொஞ்சங்கூட பயமில்லியா?"

மலர்கொடி குனிந்து, ரெங்கம்மாளின் விரல்களை ஜன்னல் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"செத்தேன்னுதான் நெனச்சேன் அத்தை. கணக்கு தெரிஞ்சிருந்துச்சு, ஆனா காலு நடுங்குச்சு. நீங்க முன்னால போனீங்க, ஒங்க குதிகாலப் பாத்துக்கிட்டே வந்துட்டேன். வண்டி நவுருது, தள்ளி நில்லுங்க."