ஜப்பான் டவுனில் இடப்பக்கச் சுற்று

சான் ஹோசேயில் எட்டு வருஷம் குடியிருந்தேன். ஊருக்கு வரும்போது யாராவது "அமெரிக்கா எப்படி இருக்கு?" என்று கேட்டால் நான் ஜப்பானைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். கேட்டவர்கள் என் கணவரைப் பார்ப்பார்கள். அவர் கூரையைப் பார்ப்பார். என் மேல் தப்பில்லை. வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில், கார் ஓட்டவும் தெரியாமல் வந்து இறங்கியவளுக்கு அமெரிக்காவைச் சுற்றிக்காட்ட ஆளில்லை. ஜப்பானைக் காட்ட ஒருத்தி இருந்தாள்.

நூலகத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் ஆங்கிலம் பேசிப் பழகும் வகுப்பு இலவசமாக நடக்கும். எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். பேசத்தான் ஆளில்லை. அதற்காகப் போனேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜப்பான்காரியும் அதற்காகத்தான் வந்திருந்தாள். டோக்கியோவுக்கு வடக்கே ஏதோ சின்ன ஊர். கணவர் சிப் கம்பெனியில் இன்ஜினியர். என் வயது, என் விசா, என்னைப் போலவே பகல் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவள். இரண்டாவது வாரமே வகுப்பை விட்டுவிட்டு வாசலில் நின்று பேச ஆரம்பித்தோம்.

மூன்றாவது ஆள் எங்கள் அபார்ட்மெண்டின் மாடியில் இருந்த காயல்பட்டணத்துக்காரர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். அக்காவை அவர்கள் ஊரில் லாத்தா என்பார்கள்; நானும் அப்படியே கூப்பிட்டேன். லாத்தாவிடம் லைசென்ஸ் இருந்தது, பழைய வேன் ஒன்றும் இருந்தது. எங்கள் கூட்டத்தின் தலைமைப் பொறுப்பு அவருக்குப் போக அதுவே போதும்.

வேன் வாரம் ஒருமுறை ஜப்பான் டவுனுக்குப் போகும். மூன்று நான்கு தெருக்கள்தான். ஜப்பானிலிருந்து நூறு வருஷத்துக்கு முன்பு வந்தவர்கள் உண்டாக்கிய பேட்டை. அங்கே ஒரு மிட்டாய்க் கடையில் அரிசி மாவில் செய்து உள்ளே இனிப்புப் பயறு வைத்த ஒன்றை எங்கள் தோழி வாங்கித் தந்தாள். அது அவர்கள் ஊர் விசேஷம் என்று பெருமையாக விளக்க ஆரம்பித்தாள். லாத்தா ஒரு கடி கடித்துவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார்:

"ஏ புள்ள, இது கொழுக்கட்டை. இதுக்கா ஃப்ரீவேல இருபது நிமிஷம் டிரைவ் பண்ணி வந்தோம்?"

ஆனாலும் அரை டஜன் கட்டி வாங்கிக்கொண்டார். மறுவாரம் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டலப்பம் செய்து தோழிக்குக் கொடுத்தார். அவள் அதைத் தின்றுவிட்டு, இது எங்கள் ஊர் முட்டைப் புட்டிங் ஆயிற்றே என்றாள். கணக்குத் தீர்ந்தது என்று லாத்தா சிரித்தார்.

2006 மார்ச்சில் திருநெல்வேலியில் அப்பா இறந்தார். என்னால் போக முடியவில்லை. விசா சம்பந்தமான காகிதங்கள் ஏதோ அலுவலகத்தில் கிடந்தன. இப்போது வெளியே போனால் திரும்பி வர முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். தம்பி போனில் ஒவ்வொன்றாகச் சொன்னான். குளிப்பாட்டினோம், கோடி போட்டோம், எல்லோரும் மூன்று சுற்றுச் சுற்றி வந்தோம், தூக்கினோம். நான் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. அதற்குப் பதிலாக எல்லோர் மேலும் கோபம் வந்தது. எனக்கு எப்போதுமே மூக்கு நுனியில் கோபம். அந்த நான்கு மாதம் அது மூக்கைவிட்டு இறங்கவேயில்லை.

அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள். "ஒரு வருசத்துக்கு நல்லது பொல்லது எதுலயும் கலந்துக்காதட்டி. பண்டிகை கிடையாது. அங்க யாரு பாக்கப்போறான்னு இருந்துராத." அப்பாவுக்காக அங்கிருந்து நான் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதை இறுக்கப் பிடித்துக்கொண்டேன். சித்திரைக்குப் பாயசம் வைக்கவில்லை. மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்குக் கேக்கோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூலை பிறக்கும்போது ஒரு நாள், வேனில் போய்க்கொண்டிருக்கையில், ஜப்பான் டவுனில் ஓபோன் வருகிறது என்றாள் தோழி. இறந்தவர்கள் தங்கள் வீட்டுக்கு வந்துபோகும் நாட்களாம். சனி, ஞாயிறு இரண்டு சாயங்காலமும் தெருவை அடைத்து எல்லோரும் வட்டமாக ஆடுவார்களாம். யார் வேண்டுமானாலும் ஆடலாம், அதற்கு முன் தெருவிலேயே பயிற்சி உண்டு, நாம் மூன்று பேரும் ஆடுவோம் என்றாள்.

"எங்கள் வீட்டில் துக்கம். ஒரு வருஷத்துக்கு ஆட்டம் பாட்டம் கிடையாது" என்றேன்.

"அதனால்தான் சொல்கிறேன். உன் அப்பாவுக்கு இது முதல் ஓபோன். முதலாவதுதான் முக்கியம். நீ கட்டாயம் ஆட வேண்டும்."

செத்த வீட்டுக்காரியை ஆடச் சொல்கிறாளே என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் அப்பாவைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று கேட்டுவிட்டு, அபார்ட்மெண்ட் வந்ததும் வேனின் கதவை ஓங்கிச் சாத்தினேன். பழைய கதவு. கைப்பிடி கையோடு வந்தது. அதையும் லாத்தாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மூன்று நாள் கழித்துத் தோழி வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தட்டு. தட்டில் ஒரு வெள்ளரிக்காய்க்கும் ஒரு கத்தரிக்காய்க்கும் நான்கு நான்கு குச்சிக் கால்கள் குத்தி நிறுத்தியிருந்தாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. வெள்ளரிக்காய் குதிரையாம், இறந்தவர்கள் அதில் ஏறிச் சீக்கிரம் வந்துவிடுவார்களாம். கத்தரிக்காய் மாடாம், திரும்பும்போது அதில் ஏறி மெதுவாகப் போவார்களாம், அவசரமில்லாமல். அவள் ஊரில் வீட்டுக்கு வீடு இப்படிச் செய்து வைப்பார்களாம்.

"எங்களுக்கும் வீட்டில் ஒருவர் இறந்த வருஷம் புத்தாண்டு கிடையாது. உனக்குப் புரிகிற மாதிரி நான் சொல்லவில்லை. இது பண்டிகை இல்லை. விருந்தாளி வருகிறார், வாசலுக்குப் போய்க் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்."

நான் அந்த வெள்ளரிக்காயைப் பார்த்தேன். அப்பா என்னை ஸ்டேஷனில் வந்து கூப்பிடும்போதெல்லாம் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து பிளாட்பாரத்தில் நிற்பவர். வண்டி வரும் திசையில் நெற்றிக்கு மேலே கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டேயிருப்பார். அவருக்குக் குதிரையே வேண்டாம், இந்நேரம் வந்து பார்க்கிங்கில் நின்றுகொண்டிருப்பார் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, மார்ச்சுக்குப் பிறகு முதல்தடவையாகச் சிரித்தேன். என் மகள் குதிரையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

பயிற்சிக்குப் போனேன். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில், "சாயங்காலம் லாத்தாவோட நடக்கப் போறேம்மா" என்றேன். "நல்லது, உடம்பு வத்தும்" என்றாள் அம்மா. பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. அந்த வாரம் முழுக்க அது எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

முதல் நாள் பயிற்சிக்கு எழுபது எண்பது பேர் வந்திருந்தார்கள். தெரு நடுவில் மேடை, அதில் பெரிய மேளம். லாத்தா, "எனக்கு ஆட்டமெல்லாம் வேண்டாம், நான் பிள்ளையைப் பாத்துக்கிறேன்" என்று என் மகளோடு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேளம் அடித்தது. எல்லோரும் நகர்ந்தார்கள். நானும் நகர்ந்தேன், எதிர்த் திசையில். பின்னால் நின்றிருந்த வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் மேல் முட்டினேன். அவர் குனிந்து மன்னிப்புக் கேட்டார். நானும் குனிந்தேன். திரும்பி நாலடி வைத்தேன். அடுத்த பாட்டு ஆரம்பித்ததும் மறுபடி அவர் மேலேயே போய் முட்டினேன். மூன்றாவது தடவை அவர் முன்கூட்டியே குனிந்துவிட்டார்.

"அம்மா, ராங் வே! ராங் வே!" என்று ஓரத்திலிருந்து கத்தினாள் என் மகள், ஃப்ரீவேயில் மாட்டியிருக்கும் சிவப்புப் போர்டைப் படிப்பதுபோல.

என் கால் செய்த வேலை அது. பிள்ளையாரோ அரசமரமோ தேரோ, நடுவில் ஒன்றை வைத்துச் சுற்றச் சொன்னால் அது என் வலக்கைப் பக்கம் இருக்கும்படிதான் நடப்பேன். முப்பது வருஷப் பழக்கம். இங்கே மேடை எல்லோருக்கும் இடக்கைப் பக்கம் இருந்தது. லாத்தாவால் பொறுக்க முடியவில்லை. எழுந்து வந்து வரிசையில் எனக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"என் முதுகைப் பாத்து வா. இதுல என்ன கஷ்டம்?"

அவர் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அது எப்படி என்று கேட்டேன்.

"மக்காவுக்கு உம்ரா போனப்ப கஃபாவ இடது பக்கம் வச்சுத்தானே சுத்துனோம். அதையும் இதையும் ஒண்ணாச் சொல்லல புள்ள, காலோட பழக்கத்தச் சொல்றேன். உன் காலுக்கு என்ன வந்துச்சு?"

"எங்கள்ல இப்படிச் சுத்த மாட்டோம் லாத்தா. சாவு வீட்ல மட்டுந்தான் இடது பக்கமாச் சுத்துவோம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. தம்பி போனில் சொன்ன மூன்று சுற்று. அம்மா, தம்பி, அத்தைமார், தெருக்காரர்கள் எல்லோரும் சுற்றியது, நான் மட்டும் சுற்றாதது. லாத்தா திரும்பி என்னைப் பார்த்தார். மேளம் அடித்ததும் முன்னால் நடந்தார், நானும் பின்னாலேயே நடந்தேன். அதற்கப்புறம் நான் யார் மேலும் முட்டவில்லை.

சனிக்கிழமை வந்தது. நான் சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டேன். தோழி நீலப் பூப்போட்ட பருத்தி யுகாதா அங்கி உடுத்தியிருந்தாள். லாத்தா தலைத்துணிக்கு மேல் வெயிலுக்குத் தொப்பி வேறு போட்டிருந்தார். தெரு முழுக்கக் கோழி சுடும் புகை. ஹலால் இல்லையென்று லாத்தா மூக்கைப் பொத்திக்கொண்டார், நன்றாக வாசம் வருகிறது என்பதற்காகவும் பொத்திக்கொண்டார். அவருக்குத் துணையாக நானும் சுட்ட சோளத்தோடும் ஐஸோடும் நிறுத்திக்கொண்டேன். மகள் நாக்கைச் சிவப்பாக்கிக்கொண்டு எல்லோரிடமும் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஆட்டங்களில் எனக்குப் பிடித்தது நிலக்கரிச் சுரங்க ஆட்டம். இரண்டு தடவை வெட்ட வேண்டும், இரண்டு தடவை தோளுக்கு மேல் வாரிப் போட வேண்டும், அப்புறம் நெற்றிக்கு மேல் கையை வைத்துத் தூரத்தில் பார்க்க வேண்டும், பின்பு வண்டியைத் தள்ள வேண்டும். இவ்வளவு நல்ல ஆட்டம் நம் நெய்வேலியில் இல்லாமல் போயிற்றே என்று லாத்தாவிடம் சொல்லிக்கொண்டே ஆடினேன். நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் நெற்றிக்கு மேல் கையை வைத்தார்கள். தெரு முழுக்க அப்பாக்கள் பிளாட்பாரத்தில் நிற்பதுபோல இருந்தது. நானும் கையை வைத்துக்கொண்டு பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லவே அப்போது பயமாக இருந்தது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, வழக்கம்போல போன் கார்டை எடுத்து எண்களை அழுத்தினேன். பதினொரு நிமிடம் இருக்கிறது என்றது கார்டுக்காரியின் குரல். திருநெல்வேலியில் அப்போது ராத்திரி எட்டரை. அம்மா சாப்பிட்டு முடித்திருப்பாள். நான் 'அம்மா' என்று சொல்வதற்குள் என் மகள் போனைப் பிடுங்கினாள்.

"ஆச்சி! அம்மா டான்ஸ்ட் இன் த ஸ்ட்ரீட்! ஃபுல் ஸ்ட்ரீட்!"

போனைத் திருப்பி வாங்கினேன். காது சுட்டது.

"தெருவுலயா ஆடுன?" என்றாள் அம்மா. "அப்பா போயி நாலு மாசந்தான ஆவுது?"

எல்லாவற்றையும் கொட்டினேன். வெள்ளரிக்காய்க் குதிரை, கத்தரிக்காய் மாடு, முதல் வருஷம், வழுக்கைத் தலைக்காரர், லாத்தாவின் முதுகு. நடைக்குப் போனதாகச் சொன்னதையும் சொன்னேன். அம்மா பேசாமலிருந்த நேரமும் கார்டில் கழிந்துகொண்டிருந்தது.

"எந்தப் பக்கமாட்டி சுத்துனிய?"

"இடது பக்கமாம்மா."

ஒரு நிமிடம் பாக்கி என்று கார்டுக்காரி குறுக்கே வந்து சொன்னாள். அம்மா கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாளோ என்று, "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டேன்.

"இருக்கேன், கத்தாத. எத்தனை சுத்து வந்த?"

"எண்ணலம்மா. ஒரு மணி நேரம் ஆடியிருப்போம்."

"அப்பாவுக்கு மூணு போதும்ட்டி. மிச்சமெல்லாம் நீ ஆடுனது."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரிவதற்குள் கார்டு தீர்ந்து லைன் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, நான்கு மாத அழுகையும் சேர்ந்து. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, மகள் டிஷ்யூ டப்பாவைக் கொண்டுவந்து வைக்க வைக்க, நன்றாக அழுதேன். முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, வேனை எத்தனை மணிக்கு எடுப்பீர்கள் என்று கேட்க மாடிக்கு ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இன்னும் பாக்கி இருந்தது.