சலவைக்கூடத்தில் ஒரு திவசம்

சிட்னியின் மேற்குப் புறநகரில் ஓர் அகதிகள் விடுதி, 1978. இங்கே டாக்டராக இருக்கும் மகனுக்காகச் சலவைக்கூட வாசலில் காத்திருக்கிறேன். உள்ளே ஒரு வியட்நாமியப் பெண் மின்சார அடுப்பில் மீன் சமைக்கிறாள். சர்க்கரையைக் கருக்கி, மிளகு தூவிச் சுண்டவைக்கும் மீகாங் ஆற்றுப் பக்கத்துக் குழம்பாம். சலவை இயந்திரத்தின் மேல் கணவனின் படம், எரியும் ஊதுபத்தி. இன்று அவனுடைய திவசம். முதல் கிண்ணத்தைப் படத்தின் முன் வைக்கிறாள்.

விடுதி மேலாளர் வாசனை பிடித்து வந்துவிடுகிறார். "அறையில் சமைக்கக் கூடாது. சட்டியை எடு!"

உணவுக்கூடத்தில் தினமும் ஆட்டிறைச்சியை உப்பில்லாமல் அவித்துப் போடுகிறார்களே, அதைத் தடுக்க மட்டும் விதியில்லை.

"அறையில்தானே கூடாது? இது சலவைக்கூடம்" என்கிறேன்.

"நீ என்ன வக்கீலா, மேட்?" இந்த ஊரில் முன்பின் தெரியாதவனும் 'மேட்'தான், நண்பன்.

"ரெவின்யூ இலாகாவில் ரிட்டயர் ஆனவன். அதைவிட மோசம்."

"தீ விபத்து விதி எல்லா இடத்துக்கும் பொருந்தும்."

பொருந்தத்தான் செய்கிறது. அவர் சட்டியை நோக்கிக் கை நீட்டுகிறார். அவள் குறுக்கே வந்து நிற்கிறாள்.

"ஊதுபத்தி அணையட்டும். அவர் இன்னும் சாப்பிடுகிறார்."

மேலாளர் என்னைப் பார்க்கிறார். வீட்டையும் நிலத்தையும் ஜப்தி செய்ய எத்தனையோ நோட்டீஸ் எழுதியிருக்கிறேன். சாப்பிடுகிறவனை எழுப்ப ஒரு படிவமும் பார்த்ததில்லை. அதைச் சொல்கிறேன்.

அவர் அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு, ஒரு துணிக்கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து, ஊதுபத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.