ரெண்டும் ஒண்ணுதான், ஏழுமலை அண்ணே

ஏழுமலை அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார் என்று போன் வந்தபோது, பொன்னேரி நண்டு கம்பெனியில் தரம் பார்க்கும் மேசையில் நின்றிருந்தேன். கையுறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊர் கோட்டைக்குப்பத்துக்கு அவர் ஏரியில் வலை போடுகிறவர், கம்பெனிக்குக் கொள்முதல் மேலாளர். இரண்டு பக்கத்தாரும் இதைப் படிக்க வேண்டும்.

மேலாளர் பதவிக்காக எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ படிக்க கம்பெனி ஒருவரை அனுப்பியது. அவரை. நானோ சாயங்கால ரயிலில் சென்னைக்குப் போய், சொந்தச் செலவில், நாலு வருஷம் இழுத்து இழுத்துப் பகுதிநேர எம்பிஏ முடித்தவள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயிறு எரிந்தது.

"இன்னாம்மா, நீ படிச்சதும் இதுவும் ஒண்ணுதானா? நடுவுல ஒருநாள் வர முடியலைனா?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே. வுட்டதை அப்புறமா எழுதிக்கலாம்."

அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். பகுதிநேரத்தில் விட்ட பாடத்தை அடுத்த பருவத்தில் நான் எழுதினேன். எக்ஸிகியூட்டிவ் படிப்பில் அது நடக்காது. பல வருஷம் வேலை பார்த்தவர்களை ஒரே அணியாகச் சேர்த்து, குறித்த சனி ஞாயிறுகளில் உட்காரவைத்து, ஒன்றாகவே முடித்து அனுப்புவார்கள். வராதவர் வெளியே.

எங்கள் ஏரியில் பாடு என்றால், வலை போட ஒவ்வொரு வீட்டுக்கும் வரும் முறை. முறை விழுந்த நாளில் அந்த வீட்டு ஆம்பளை வலையோடு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அது அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இறால் வரும் பருவத்தில், அவர் வீட்டு முறையும் கடைசி வகுப்பும் ஒரே சனிக்கிழமையில் விழுந்தன. நைனா என்று நாங்கள் கூப்பிடும் அவர் அப்பாவுக்குக் கால் முடியாது. வேறு பிள்ளையும் இல்லை. வகுப்பை விட்டால் வெளியே என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

ஒருநாள் வராவிட்டால் பரவாயில்லை என்று நம்பிச் சேர்ந்துவிட்டதாகச் சொல்லி, முறை நாளை மாற்றித் தரும்படி ஊர்க்கூட்டத்தில் கேட்டார். நான் வெளியே நின்றிருந்தேன்.

"மாத்தறதுக்கு இது இன்னா ஆபீஸ் லீவா?" என்றார் தலைவர். "வகுப்புக்கு வர்லைனா பரவால்லனு எவன் சொன்னான் உனுக்கு?"

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். கூட்டமே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரும் சொல்லலை. நான்தான் சரியா விசாரிக்கலை."

முறை அடுத்த வீட்டுக்குப் போனது. "வூட்டுப் பாட்டை வுட்டவன் எனுக்குப் புள்ளையே இல்ல" என்று நைனா கத்தினார். அன்றோடு மகனிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். அண்ணன் படித்து முடித்து மேலாளரானார். என்னிடம் ஒரே ஒரு தடவை, பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சொன்னார்: "நீ தெரிஞ்சேதான் சொன்னே, அது எனுக்குத் தெரியும்மா. போய் வேலையப் பாரு."

அண்ணனை எடுத்துப் போகும்போதும் நைனா அழவில்லை. "அசட்டையாத் திரிஞ்சவன்" என்றார். அதைக் கேட்டபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

யாராவது இதை நைனாவுக்குப் படித்துக் காட்டுங்கள். உங்கள் பிள்ளை விசாரித்தார். பொறாமையில் பொய் சொன்னது நான். அவர் என்னிடம் விட்டுப்போனது, அன்று கூட்டத்தில் காப்பாற்றிக் கொடுத்த என் நல்ல பெயர். இத்தனை வருஷம் வைத்திருந்தேன். இனி எனக்கு வேண்டாம்.